பின்பனியில் டீ சுவைக்கக் கூடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கும் வாரங்களில் பத்து இருபது பேர் கூடி, நாலைந்து வகை டீயை வரிசையாகச் சுவைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. அளவுகள் எல்லாம் 20 பேருக்குப் போட்டவை. இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் தண்ணீராலும் நேரக் கணக்காலும்தான் சொதப்புகின்றன. தேயிலையைக் குறை சொல்ல வேண்டி வருவது அபூர்வம். அதனால் அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஏன் குறிப்பாக இந்தப் பருவம்?

குளிர் மிகுந்த இடங்களில் தேயிலைச் செடி மாதக்கணக்கில் தளிர் விடாமல் இருக்கும். அந்தக் காலத்தில் வேரில் சேர்ந்த சத்து, குளிர் விட்டதும் முதல் கொழுந்துக்கு ஏறுகிறது. அதில் முக்கியமானது தியானின் என்ற அமினோ அமிலம். டீயில் நாக்கின் நடுவில் தங்கும் மெல்லிய இனிப்புக்கும் செறிவுக்கும் அது ஒரு காரணம். கடும் வெயில் பட்டால் இலையில் தியானின் குறைந்து, துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் பெருகும். வெயில் மிதமாக இருக்கும் முதல் சில வாரக் கொழுந்தில் இனிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடங்கியும் இருப்பது இதனால்தான். கோடைக் கொழுந்தில் இந்தக் கணக்கு தலைகீழ்.

பிப்ரவரி, மார்ச்சில் உண்மையிலேயே புதிதாகக் கிடைக்கும் தேயிலை எது?

நாள்காட்டியைப் பார்க்காமல் வாங்கினால் ஏமாறுவீர்கள். நீலகிரியின் உறைபனிக்காலத் தேயிலை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறிப்பது. இலங்கையில் திம்புலைக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆக, பிப்ரவரிக் கூட்டத்துக்கு இவைதான் கைக்கெட்டும் புதுச்சரக்கு. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு பிப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடு வரை போகும். பொட்டலமாகி வரச் சில வாரங்கள் ஆகும். சீனத்து லாங்ஜிங் என்ற பச்சைத் தேயிலையில் விலை உயர்ந்தது ஏப்ரல் 5-ஐ ஒட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது. ஜப்பானில் பிப்ரவரி 4-ஐ ஒட்டிய வசந்தத் தொடக்கத்திலிருந்து 88-ஆம் நாளை, அதாவது மே மாத முதல் ஓரிரு நாட்களை, புதுத்தேயிலைப் பறிப்பின் நாளாகக் கொள்வது மரபு. பிப்ரவரியில் ஒருவர் "இந்த வருட ஷின்சா" (ஜப்பானியப் புதுத்தேயிலை) என்று நீட்டினால், அது போன வருடத்தது.

புதுச்சரக்கு கிடைக்காவிட்டாலும் கூட்டத்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. போன வருட டார்ஜிலிங்கை இப்போது சுவைத்துக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்துப் புதியதோடு ஒப்பிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கும் வேலை ஆயிற்று.

எத்தனை வகை வைக்கலாம்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐந்து. அதற்கு மேல் நாக்கும் மரத்துப்போகும், சிறுநீர்ப்பையும் ஒத்துழைக்காது. ஒரு வகைக்கு 15 நிமிடம் வைத்தால், அறிமுகமும் இடைவெளியும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடியும்.

தேர்வில் ஒரே விதிதான்: ஒரு விஷயம் மட்டும் மாறட்டும். எங்கெங்கோ இருந்து வந்த ஐந்து அபூர்வத் தேயிலைகளை அடுக்கினால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவார்கள். ஒப்பிட ஒரு பிடி இருந்தால்தான் பேச்சு வரும். மூன்று ஏற்பாடுகள் நன்றாக வேலை செய்கின்றன. முதலாவது, பதப்படுத்தும் முறை மட்டும் மாறுவது: வெள்ளை, பச்சை, ஊலாங் (பச்சைக்கும் கருப்புக்கும் இடைப்பட்டது), முழு இலைக் கருப்பு, டஸ்ட். எல்லாம் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியினத்தின் இலைதான் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. இரண்டாவது, பருவம் மட்டும் மாறுவது: ஒரே தோட்டத்தின் வசந்தப் பறிப்பு, கோடைப் பறிப்பு, இலையுதிர்காலப் பறிப்பு. மூன்றாவது, தேயிலை ஒன்று, தண்ணீர் மூன்று. செலவு குறைவு, விவாதம் அதிகம். முதல் தடவை நடத்துவோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

பரிமாறும் வரிசை எப்போதும் மென்மையிலிருந்து வன்மைக்கு. டஸ்ட் குடித்த நாக்குக்கு வெள்ளை டீ வெந்நீராகத்தான் தெரியும்.

எவ்வளவு தேயிலை, எவ்வளவு தண்ணீர்?

ஒருவருக்கு ஒரு வகையில் 50 மி.லி. போதும். 20 பேருக்கு 1 லிட்டர். ஊறும் இலை தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் 1.1 லிட்டர் ஊற்றுங்கள். 100 மி.லி.க்கு 2 கிராம் கணக்கில் 22 கிராம் இலை. தட்டில் பரப்பிக் காட்ட ஒரு 5 கிராம், கை தவறினால் மறுபடி போட இன்னொரு 22 கிராம். ஆக, வகைக்கு 50 கிராம் பொட்டலம் ஒன்று.

தண்ணீர், டீ போடவும் பாத்திரம் சூடாக்கவும் 8 லிட்டர். இடையிடையே குடிக்க 6 லிட்டர்.

ஸ்பூன் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு டீஸ்பூன் டஸ்ட் 2.5 கிராமுக்கு மேல் நிற்கும். அதே ஸ்பூனில் பெரிய இலை வெள்ளைத் தேயிலை 1 கிராம்கூடத் தேறாது. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால், முந்தின நாளே எடைபோட்டு, மூடியுள்ள டப்பாக்களில் பெயர் எழுதி வைத்துவிடலாம். கூட்டத்தின் நடுவில் எடைபோட்டுக்கொண்டு நிற்பவர் பேச்சில் கலந்துகொள்ள முடியாது.

எந்தத் தண்ணீர் நல்லது?

கரைந்த உப்புகள் லிட்டருக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும் மென்தண்ணீர். கடினத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். டீ நிறம் மங்கி, மணம் அமுங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் நேர்மாறு: உப்பே இல்லாமல் டீ ஒல்லியாகவும் முனை கூர்மையாகவும் நிற்கும். வடிகட்டிய சாதாரணக் குடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, முந்தின நாளே ஒரு கப் போட்டுப் பாருங்கள். குளோரின் வாடை இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

"இரண்டு தடவை கொதித்த தண்ணீரில் ஆக்சிஜன் போய்விடும், டீ சப்பென்றாகும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. முதல் கொதியிலேயே கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிடுகிறது. இரண்டாவது கொதிக்குப் பயப்பட அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மணி நேரம் கொதித்துச் சுண்டிய தண்ணீரில் உப்பு செறிந்துவிடும் என்பதுதான் உண்மையான சிக்கல்.

வெப்பமானி இல்லாமல் 80 டிகிரிக்கு எப்படிக் கொண்டுவருவது?

பள்ளிக் கணக்குத்தான். கொதிநீர் 3 பங்கு, அறை வெப்பத்தில் (28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்) ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த நீர் 1 பங்கு: 82 டிகிரி. 2 பங்குக்கு 1 பங்கு என்றால் 76. முதல் கலவை வெள்ளை டீக்கும், இரண்டாவது பச்சை டீக்கும் பொருந்தும். குளிர்ந்த பாத்திரத்தில் கலந்தால் இன்னும் இறங்கிவிடும். பாத்திரத்தை வெந்நீரில் அலசிவிட்டுக் கலக்குங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும். மலை மேல் நடத்தும் கூட்டத்தில் கருப்பு டீக்கு அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை நிமிடம் ஊறவைப்பது?

தொழில்முறைச் சுவைஞர்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்கிறது. எல்லாத் தேயிலைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அந்த டீ குடிக்க உகந்ததல்ல. குறை இருந்தால் அது ஒளிய இடம் இல்லாமல் செய்வதுதான் நோக்கம். (இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரநிலை, டீ போடுவதை ஆறு பக்கத்துக்கு விவரித்ததற்காக 1999-இல் இக்நோபல் கேலிப் பரிசு வாங்கியது.) கூட்டத்துக்கு இப்படி வையுங்கள்: பச்சை 75 டிகிரியில் 2 நிமிடம், வெள்ளை 82-இல் 5, ஊலாங் 95-இல் 3, டார்ஜிலிங் முதல் பறிப்பு 90-இல் 3, மற்ற முழு இலைக் கருப்பு கொதிநீரில் 4, டஸ்ட் கொதிநீரில் 2.

டார்ஜிலிங் முதல் பறிப்பைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பெயருக்குக் கருப்பு டீ. ஆனால் பறித்த இலையை நீர் வற்ற நன்றாக வாட்டிவிடுவதால் முழுதாகக் கருக்காமல், ஊறிய இலை பாதிப் பச்சையாகவே கிடக்கும். பொங்கும் தண்ணீரில் 5 நிமிடம் விட்டால் பூமணம் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

இருபது பேருக்கும் ஒரே சூட்டில், ஒரே கடுப்பில் எப்படிப் போய்ச் சேரும்?

கூட்டம் கோட்டை விடும் இடம் இதுதான். 22 கிராம் இலையை ஒரே பெரிய பாத்திரத்தில் போடாமல், 11 கிராமாக இரண்டு பாத்திரத்தில் 550 மி.லி. வீதம் ஊற்றுங்கள். நேரம் முடிந்ததும் கோப்பை கோப்பையாக ஊற்றக் கூடாது. முதல் கோப்பை வெளிறியும் கடைசிக் கோப்பை கடுகடுவென்றும் இருக்கும். முன்வரிசையும் பின்வரிசையும் இரண்டு வேறு டீயைக் குடித்துவிட்டு ஒன்றோடொன்று வாதாடும். இரண்டு பாத்திரத்தையும் வெந்நீரில் சூடாக்கிய ஒரு குடுவையில் கடைசிச் சொட்டு வரை வடித்து, ஒரு கலக்குக் கலக்கி, அதிலிருந்து ஊற்றுங்கள். வடிப்பவர் ஒருவர், ஊற்றுபவர் இருவர், கடிகாரம் பார்ப்பவர் ஒருவர். கடிகாரம் பார்ப்பவர் வேறு எதையும் செய்யக் கூடாது, கதை பேசுவதும் உட்பட.

2,000 வாட் கெட்டிலில் 1 லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 3 நிமிடம். இரண்டு கெட்டிலை ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 17 ஆம்பியர் இழுக்கும், போர்டு உருகும் அல்லது மொத்த அறையும் இருட்டாகும். ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்த வெந்நீர் ஒரு மணி நேரத்தில் சில டிகிரி இறங்கிவிடும். பச்சைக்கும் வெள்ளைக்கும் அது போதும், கருப்புக்குப் போதாது. காப்பி இருந்த ஃபிளாஸ்க் எத்தனை தடவை கழுவினாலும் காப்பி ஃபிளாஸ்க்தான். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எந்தக் கோப்பை?

70 மி.லி. பிடிக்கும் வெள்ளைப் பீங்கான் அல்லது கண்ணாடி. நிறம் தெரிய வேண்டும். எவர்சில்வரில் நிறம் தெரியாது, உதடும் சுடும். சூடான டீ பட்டதும் காகிதக் கப்பில் எழும் அட்டை வாடை மென்மையான டீயை மூடிவிடும்.

சரியாகச் சுவைப்பது எப்படி?

முதலில் உலர்ந்த இலை. தட்டிலிருந்து சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வாயால் மெல்ல ஒரு வெப்ப மூச்சு விட்டு உடனே முகருங்கள். ஈரச்சூட்டில் மணம் எழும். அடுத்து ஊறிய இலை: வடித்தவுடன் பாத்திர மூடியில் கவிழ்த்துச் சுற்றுக்கு விடுங்கள். டீயைவிட இலையில் மணம் அழுத்தமாக நிற்கும். கருகல், புகை, பூஞ்சை வாடை போன்ற குறையும் முதலில் இங்கேதான் பிடிபடும்.

பிறகுதான் டீ. கொதிக்கக் கொதிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் குடிப்பதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது; அது போக, சுட்ட நாக்குக்கு ருசியும் தெரியாது. 50 டிகிரி சுகமானது. அரை ஸ்பூன் அளவை, சுர்ரென்று சத்தம் வரக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். காற்றில் சிதறிய துளிகளின் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறும். நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பகுதி அங்கேதான் தெரிகிறது. சத்தம் போட வெட்கப்படுபவர்களுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் விதிவிலக்கு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். மூன்று விநாடி வாயில் சுழற்றி, விழுங்கவோ துப்பவோ செய்யலாம். துப்ப ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள்.

அடுத்த இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, எழுத மட்டும்தான். முதலில் வாய் திறப்பவர் "மல்லிகை வாசம்" என்றால் மீதிப் பேருக்கும் மல்லிகை அடிக்க ஆரம்பித்துவிடும். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவைக்காதீர்கள். "இதில் எதை இன்னொரு கோப்பை கேட்பீர்கள், ஏன்?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் விஷயம் அதிகம்.

"நல்லா இருக்கு" தவிர வேறு என்ன சொல்வது?

தமிழில் நமக்கு ஒரு வசதி: துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து வளர்ந்திருக்கிறோம். துவர்ப்பையும் கசப்பையும் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. கசப்பு நாக்கில் தெரியும் சுவை. துவர்ப்பு தொடு உணர்வு: டீயின் பாலிஃபீனால்கள் (கேட்டச்சின்களும் இதில் அடக்கம்) எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, பாக்கு மென்றதுபோலக் கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும், நாக்கு சொரசொரக்கும். நல்ல டீயில் அந்தப் பிடி பத்து விநாடியில் தளர்ந்து வாயில் நீர் ஊறும். மோசமானதில் காய்ந்தபடியே நிற்கும். மீதிக்கு எளிய சொற்கள் போதும்: கனமா, நீர்த்ததா, பச்சைப் புல் வாசமா, வறுத்த வாசமா, பூவா, பழமா, வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும்?

சென்ட், அத்தர், மணமுள்ள பூ, ஊதுபத்தி வேண்டாம். தேயிலை வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். பூவோடு சேர்த்து வைத்தே மல்லிகை டீ செய்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம், பலருக்குக் குமட்டும். இடையில் கொறிக்க உப்பும் இனிப்பும் குறைந்த வெறும் பிஸ்கட்டோ ரொட்டியோ போதும். காரமும் புதினாவும் கடைசி டீக்குப் பிறகு.

கண்ணை மறைத்து விளையாடலாமா?

அவசியம். மூன்று கோப்பையில் இரண்டு ஒரே டீ, ஒன்று வேறு. வேறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 20 பேரில் 11 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறது என்று கொள்ளலாம். 12 பேர் என்றால் 8. கோப்பைக்கு 1, 2, 3 என்று எண் போடாதீர்கள், 1-க்கு ஓர் ஈர்ப்பு உண்டு. 417, 862 போல மூன்றிலக்கம் எழுதுங்கள். பரிமாறுபவருக்கும் விடை தெரியக் கூடாது. முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

பால் முதலா டிகாஷன் முதலா என்பதற்கும் ஒரு பழைய சோதனை உண்டு. 1920-களில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, எதை முதலில் ஊற்றினார்கள் என்பதைக் குடித்தே சொல்ல முடியும் என்றார். புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இந்தப் பேச்சை வைத்துத்தான் எட்டுக் கோப்பைச் சோதனையை வகுத்தார்: நான்கு இப்படி, நான்கு அப்படி. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. யூகத்தில் நான்கும் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு. மூன்று மட்டும் சரியாக அமைய 70-இல் 16 வாய்ப்பு என்பதால், "ஒன்றுதான் தப்பு" என்று மார்தட்டுபவரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

பால் டீ இல்லாமல் எங்கள் ஆட்கள் எழுந்து போகமாட்டார்களே?

கடைசிச் சுற்றாக வையுங்கள். 25 கிராம் டஸ்ட்டை 650 மி.லி. தண்ணீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, 600 மி.லி. சூடான பாலைத் தனிக் குடுவையில் வையுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் டிகாஷனை வெந்நீர் விட்டுக் குடிக்கலாம். சர்க்கரையும் தனியே. வசந்தப் பறிப்பில் பால் ஊற்றச் சொல்லி யாராவது கேட்டால் ஒரு கோப்பை ஊற்றியே கொடுங்கள். மணம் எங்கே போனது என்று அவரே தேடுவார்.

டீயின் மேல் எண்ணெய் போலப் படலம் வருகிறதே? ஆறினால் ஏன் கலங்குகிறது?

இரண்டும் வேறு. படலம் கடினத் தண்ணீரின் வேலை: கால்சியம், பைகார்பனேட், காற்றின் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து டீயின் பாலிஃபீனால்களை மேலே ஆடையாகக் கட்டவைக்கின்றன. கோப்பையைச் சாய்த்தால் அது உடைந்து, வறண்ட குளத்துச் சேறுபோலச் சில்லுச் சில்லாகப் பிரிந்து, ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறையும். தண்ணீரை மாற்றுவதே வழி. ஆறும்போது வரும் கலங்கல் குறையே அல்ல. காஃபினும் கருப்பு டீயின் நிறப்பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து மிதக்கின்றன. கடுப்பான நல்ல டீயில்தான் அது அதிகம், சூடாக்கினால் தெளிந்துவிடும்.

இரவு தூக்கம் போகுமா? குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரலாமா?

ஆளுக்கு ஐந்து வகையிலும் 50 மி.லி. என்றால் மொத்தம் 5 கிராம் இலையின் சாறு. முழுதும் விழுங்கினால் 100 மில்லிகிராமுக்குக் கூடவும் குறையவும் காஃபின் உள்ளே போகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு. காப்பியும் குடிப்பவர்கள் அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கூட்டம் பெரும்பாலும் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். குழந்தைகளுக்கு மோந்து பார்க்கும் சுற்று மட்டும். அதில் பெரியவர்களைவிட அவர்கள் கெட்டி.

மிச்சமான தேயிலையை என்ன செய்வது?

பிரித்த பொட்டலத்தைக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, வெளிச்சம் படாத டப்பாவில், சமையலறை மசாலா வாடையிலிருந்து தள்ளி வையுங்கள். பச்சைத் தேயிலையை ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால் குளிர்ந்த இலையின் மேல் நீர் கோத்துக் கெட்டுவிடும். ஊறிய இலை உரக்குழிக்குப் போகலாம், பால் சேர்ந்ததைத் தவிர. ஊலாங் இலையை மட்டும் உடனே கொட்டிவிட வேண்டாம். அதே இலையில் மறுபடி கொதிநீர் ஊற்றி நாலு நிமிடம் விடுங்கள். பாத்திரம் கழுவ நிற்பவர்களுக்கு அந்தச் சுற்று.